துடிக்க மறுத்த செல்கள்

கருவின் வளர்ச்சியைக் கெடுக்கும் மருந்தைக் கண்டுபிடிக்க, சுண்டெலியின் டி3 என்ற வகைக் கரு ஸ்டெம் செல்களில் (எந்த வகைச் செல்லாகவும் மாறக்கூடியவை) சோதிக்கிறோம். 20 மைக்ரோலிட்டர் சொட்டுக்கு 750 செல்கள். தட்டு மூடியில் தலைகீழாகத் தொங்கும். பிறகு குழிகள் உள்ள தட்டுக்கு மாற்றுவோம். 10ஆம் நாள் இதயத்தசையாகித் துடிக்க வேண்டும். மருந்து போடாத தட்டில் 24 குழிகளில் குறைந்தது 21 துடித்தால்தான் சோதனை செல்லுபடியாகும். எனக்கு 13தான்!

கரைப்பான், இன்குபேட்டர், என் கை என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். கடைசியில் பார்த்தால் காரணம் புதிதாக வந்த சீரம், செல்களுக்கு ஊட்டமாகச் சேர்ப்பது. பழைய பாட்டிலில் மிச்சமிருந்ததை வைத்து ஒரு தட்டு போட்டேன், 23 துடித்தன. பிறகு நான்கு லாட் (தயாரிப்புத் தொகுதி) சாம்பிள் வரவழைத்து, நன்றாகத் துடிக்கவைத்ததையே மொத்தமாக வாங்கி உறையவைத்தோம்.

இன்னொன்று, தட்டை வெளியே வெகுநேரம் வைத்தால் ஏசிக் குளிரில் துடிப்பு மங்கிவிடும். இப்போது ஒவ்வொரு தட்டாகத்தான் எடுத்து எண்ணுகிறேன்.