எஞ்சினை இறக்குவதற்கு முன்: பழையதையே பிரித்துப் புதுப்பித்துக் கட்டுவதா, பெரியதாக மாற்றுவதா?

என் கார் எஞ்சின் 998 சிசி, மூன்று சிலிண்டர், டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) வைத்த பெட்ரோல் வகை. ஒரு காலையில் நின்ற இடத்திலேயே குலுங்கத் தொடங்கியது. அதற்குச் சில மாதங்கள் முன்பிருந்தே, 1,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் குடித்துக்கொண்டிருந்தது. பானெட்டைத் திறந்து பார்த்த மெக்கானிக் இரண்டே நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "இதைக் கட்டுவது வீண். 1,500 சிசி எஞ்சின் ஒன்றைப் போட்டுவிடலாம்." உண்மையைச் சொன்னால், எனக்கு உள்ளூர மகிழ்ச்சிதான். பெரிய எஞ்சின் வாங்க ஒரு சாக்கு கிடைத்துவிட்டதே!

இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. எஞ்சின் ஏன் கெட்டது என்பது ஒரு கேள்வி. எனக்கு இன்னும் இழுவை வேண்டுமா என்பது வேறு கேள்வி. முதலாவதற்கு விடை தெரியாமல் இரண்டாவதைத் தொடாதீர்கள்.

முதலில் சில்லறைக் காரணங்களைக் கழித்துவிடுங்கள். இக்னிஷன் காயில், இன்ஜெக்டர், டர்போவிலிருந்து காற்றைக் கொண்டுவரும் ஹோஸில் விரிசல் என்று எது கெட்டாலும் வண்டி இழுக்காது. ஆயில் குறைந்தாலே, பிஸ்டனைச் சுற்றி இருந்து சிலிண்டரை அடைக்கும் ரிங் போய்விட்டது என்றும் முடிவு கட்டக்கூடாது; டர்போவின் சீலும், எஞ்சின் அடியில் சேரும் வாயுவைத் திரும்ப உள்ளிழுக்க விடும் பிசிவி வால்வும் கூட ஆயிலை உள்ளே அனுப்பும்.

அடுத்தது கம்பிரஷன் சோதனை, அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் எழுப்புகிறது என்று பிளக் துளையில் மானி வைத்து அளப்பது. எஞ்சின் சூடாக இருக்க வேண்டும். எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, எரிபொருளையும் இக்னிஷனையும் துண்டித்து, த்ராட்டிலை முழுதாகத் திறந்து வைத்து ஸ்டார்ட்டரைச் சுழற்றுங்கள். சிலிண்டர்களுக்குள் வித்தியாசம் 10 முதல் 15 சதவீதத்துக்குள் இருந்தால் பெரும்பாலும் கவலை இல்லை. எனக்கு வந்தவை 12, 11.5, 7 பார். மூன்றாவது சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி சுழற்றியதும் 9 ஆக ஏறியது. ஆயில் விட்டதும் ஏறினால் சந்தேகம் ரிங் பக்கம். ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர்களின் மூடியான ஹெட்டுக்கு அடியிலுள்ள அடைப்புத் தகடு) பக்கம்.

சந்தேகத்தை உறுதியாக்க, பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, எல்லா வால்வுகளும் மூடியிருக்கும் நிலையில் பிளக் துளை வழியாக அழுத்தக் காற்றைச் செலுத்த வேண்டும். கிராங்கை (பிஸ்டன்கள் சுழற்றும் அச்சை) அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் காற்றே அதைச் சுழற்றிவிடும். பிறகு காதுதான் கருவி. சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. காற்று உள்ளே போகும் வழியில் சீறினால் இன்டேக் வால்வு. ரேடியேட்டரில் குமிழ் வந்தால் கேஸ்கெட் அல்லது விரிசல் விட்ட ஹெட். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து நான் குனிந்தபோது, எரிந்த எண்ணெய் வாடையோடு காற்று கன்னத்தில் வந்து மோதியது. அந்த வழியாகக் காற்று வந்தால் ரிங், பிஸ்டன் அல்லது சிலிண்டர் சுவர்தான்.

எஞ்சினைப் பிரித்தபோது, மூன்றாவது பிஸ்டனில் முதல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் இடையிலுள்ள அலுமினிய வரம்பு நகத்தளவு பெயர்ந்திருந்தது. சிலிண்டர் சுவரில் கீறல் தெரிந்தது, ஆனால் நகத்தை ஓட்டிப் பார்த்தால் மாட்டவில்லை. சிறிய டர்போ எஞ்சின்களுக்கே உரிய நோய் இது: குறைந்த சுற்றில் அதிகச் சுமை ஏற்றும்போது, ஸ்பார்க் வருவதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்கிறது. அந்த அடியில் பிஸ்டன் உடையும். இதைக் கருத்தில் கொண்டுதான் 2018இல் ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம்) எஸ்என் பிளஸ், 2020இல் ஏபிஐ எஸ்பி என்ற ஆயில் தரங்கள் வந்தன. நானோ பழைய தர ஆயிலை ஊற்றிக்கொண்டு, கியரைக் குறைக்கச் சோம்பி, நிமிடத்துக்கு 1,500 சுற்றிலேயே மேட்டில் முழுதாக மிதிப்பவன். 1,500 சிசி டர்போவைப் போட்டிருந்தாலும் இதே கால்தானே அதையும் மிதித்திருக்கும்?

இனி பெரிதாக்கும் ஆசைக்கு வருவோம். "அரை மில்லிமீட்டர் போர் ஏற்றினால் பவர் கூடும்" என்பார்கள். போர் என்பது சிலிண்டரின் உள்விட்டம்; அதைக் கடைந்து பெரிதாக்குவதைச் சொல்கிறார்கள். கணக்குப் போட்டேன். என் எஞ்சினின் போர் 71 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 84. போரை 71.5 ஆக்கினால் 1,012 சிசி வரும். கூடுவது வெறும் 14 சிசி, அதாவது 1.4 சதவீதம். டர்போ அழுத்தத்தை 1 பாரிலிருந்து 1.2 பாராக உயர்த்தினால், வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்து 2 என்பது 2.2 ஆகிறது, ஏறக்குறைய 10 சதவீதம் கூடுதல் காற்று. எஞ்சினைப் பெரிதாக்கும் வேலையை டர்போ ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறது. ஆகவே ஓவர்சைஸ் பிஸ்டன் தேய்ந்த சுவருக்கு வைத்தியம், அவ்வளவுதான். அழுத்தத்தை ஏற்றுவதற்கும் எல்லை உண்டு: தாழ்ந்த சுற்றில் டார்க் (முறுக்கு விசை) எகிறினால், பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் மெல்லிய கனெக்டிங் ராடு வளையும்.

கட்டலாமா என்பதை அளவுகள்தான் சொல்ல வேண்டும். சிலிண்டரை மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில், இரண்டு திசையில் அளக்கச் சொல்லுங்கள். கிராங்கின் பேரிங் பரப்பு, ஹெட்டின் மட்டம், இரண்டையும் பாருங்கள். சுவரில் உலோகப் பூச்சு தெளித்த பிளாக் என்றால் சாதாரண போரிங் எடுபடாது. கீறல் ஆழமாக இருந்தால் அந்த பிளாக்கை மறந்துவிடலாம். பிளாக்கில் விரிசல், கிராங்கில் ஆழமான காயம் என்றால் அதே அளவில், அதே குறியீட்டு எண்ணுள்ள இன்னொரு எஞ்சினைத் தேடுவதே புத்திசாலித்தனம். அதையும் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து, கம்பிரஷன் பார்த்துவிட்டே வாங்குங்கள்.

பெரிய எஞ்சின் எப்போது பொருந்தும்? அதே மாடலில் தயாரிப்பாளரே பெரிய எஞ்சினையும் விற்றிருந்து, அந்த வகை வண்டி ஒன்று முழுதாக உங்களுக்குக் கிடைத்தால் யோசிக்கலாம். ஏனென்றால் எஞ்சின் மட்டும் வருவதில்லை. மவுண்ட், கியர்பாக்ஸ், கிளட்ச், ஆக்சில், ரேடியேட்டர், வயரிங், ஈசியு (எஞ்சினை ஆளும் கணினி), இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்புப் பூட்டு), சில வேளை பிரேக்கும் கூடவே வரும். முன்பக்க எடை மாறும். வண்டிப் பதிவும் இன்சூரன்சும் மாற்றத்தை ஏற்குமா என்பதை எஞ்சின் வாங்குவதற்கு முன்பே எழுத்தில் கேட்டுவிடுங்கள். எனக்கு அந்தப் பட்டியலைப் பார்த்ததும் ஆசை அடங்கியது.

கட்டுவது என்று முடிவானால், டர்போவை மறந்துவிடாதீர்கள். அதன் ஷாஃப்டை ஆட்டிப் பார்த்து, ஆயில் போகும் குழாயைப் புதிதாக மாற்றுங்கள். உள்ளே கரி படிந்திருக்கும். உடைந்த துகள்கள் ஆயிலோடு டர்போவுக்கும் போயிருக்கும். டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரில் தேங்கிய எண்ணெயையும் கழுவி எடுங்கள். புது ரிங்கின் வாய் இடைவெளியை டர்போ எஞ்சினுக்குரிய அளவில் வையுங்கள்: குறைவாக இருந்தால் சூட்டில் இரு முனையும் முட்டி, மறுபடி அதே வரம்பு உடையும். முறுக்கி நீட்டப்படும் வகை ஹெட் போல்ட்டுகளைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள்.

எங்கள் எஞ்சினில் போரிங் தேவைப்படவில்லை. ஹோனிங் (சிலிண்டர் சுவரை லேசாகத் தேய்த்துச் சீராக்குவது), மூன்று பிஸ்டன், ரிங், பேரிங், கேஸ்கெட்டோடு முடிந்தது. 1,000 கிலோமீட்டரில் ஆயிலை மாற்றி, பழைய ஃபில்டரை அறுத்துப் பிரித்தேன். காகித மடிப்புகளில் விரலில் ஒட்டும் மெல்லிய சாம்பல் மினுமினுப்பு மட்டும் இருந்தது. புது ரிங் பதியும்போது அது இயல்பு. செதில் செதிலாகப் பளபளத்திருந்தால் ஓட்டுவதை அங்கேயே நிறுத்தியிருப்பேன்.