ஜெர்மனியில் சத்தத்துக்காக வாடகையைக் குறைப்பது எப்படி: சட்டச் சொற்களிலிருந்து கடிதம் வரை

மேல்மாடியில் நள்ளிரவு தாண்டியும் பாட்டு, தரை அதிரும் பாஸ் ஒலி. இதற்காக வாடகையைக் குறைக்கலாமா என்று ஜெர்மனிக்கு வந்த நம்மவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். குறைக்கலாம். என் வீட்டில் இதே தொல்லை வந்து, கடிதம் எழுதி, வாடகையில் ஒரு பகுதியைத் திரும்ப வாங்கியும் விட்டேன். சட்டம் சின்னதுதான். அதை ஆங்கிலம் வழியாகத் தமிழுக்குக் கொண்டுவரும்போதுதான் பாதிப் பேர் தடுமாறுகிறார்கள். மீதிப் பேர் பணத்தை முதலிலேயே பிடித்துக்கொண்டு மாட்டிக்கொள்கிறார்கள்.

வாடகை ஒப்பந்தம் கையில் இருக்கிறது, வீட்டுக்காரர் யார், நிர்வாக நிறுவனம் யார் என்று தெரியும் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன். ஜெர்மன் சொற்களை உச்சரிப்பை ஒட்டித் தமிழ் எழுத்தில் தருகிறேன்.

படி 1: மூலத்தை எடுத்து வையுங்கள்

ஜெர்மன் சிவில் சட்டத்தை பேகேபே என்பார்கள். அதில் 536, 536பி, 536சி ஆகிய மூன்று பிரிவுகள் போதும். அரசின் கெசெட்ஸே-இம்-இன்டர்நெட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆங்கில மொழிபெயர்ப்பும் அங்கேயே உண்டு, ஆனால் செல்லுபடியாவது ஜெர்மன் மூலம்தான்.

ஒப்பந்தத்தின் பிடிஎஃப்பை அப்படியே மொழிபெயர்ப்புச் செயலியில் ஏற்றுவது எனக்குப் பிடிக்காது. ஒவ்வொரு வாக்கியமாக ஒட்டிப் பாருங்கள். ஜெர்மனிலிருந்து ஆங்கிலத்துக்கு டீப்எல் நன்றாக இருக்கிறது. சந்தேகம் வந்தால் டூடன் அகராதி.

படி 2: ஏமாற்றும் சொற்கள்

முதலில் எளிதானது. மீட்டர் என்றால் ஆட்டோ மீட்டர் இல்லை, வாடகைக்கு இருப்பவர். ஃபெர்மீட்டர் வீட்டுக்காரர். ஒரு முன்னொட்டைத் தவறவிட்டால் யார் யாருக்குப் பணம் தரவேண்டும் என்பதே தலைகீழாகிவிடும்.

மாங்கெல் என்பதற்குப் பற்றாக்குறை என்ற பொருளும் உண்டு. வாடகைச் சட்டத்தில் அது குறைபாடு. ஒழுகும் குழாய் மட்டுமில்லை, தாங்க முடியாத சத்தமும் வீட்டின் குறைபாடாகலாம். மெங்கெல்-அன்ட்சைகே என்பது அந்தக் குறைபாட்டை வீட்டுக்காரருக்குத் தெரிவிக்கும் கடிதம். அன்ட்சைகே என்ற சொல்லுக்கு விளம்பரம், காவல்துறைப் புகார் என்றெல்லாம் அர்த்தம் இருப்பதால், வீட்டுக்காரர்மேல் போலீஸில் புகார் கொடுக்கச் சொல்கிறார்கள் என்று பயந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படி எதுவும் இல்லை.

மீட்மிண்டருங் என்பதை வாடகைக் குறைப்பு என்று எழுதலாம். ஆனால் நம் ஊர் வழக்கத்தில் வாடகையைக் குறைப்பது வீட்டுக்காரர் மனது வைத்துச் செய்யும் சலுகை. இங்கே அப்படி இல்லை. பிரிவு 536-இன்படி, கணிசமான குறைபாடு இருக்கும் காலம் முழுவதும் வாடகை தானாகவே குறைந்துவிடுகிறது. அனுமதி கேட்க வேண்டியதில்லை. வீட்டுக்காரர்மேல் தப்பு இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ‘பாவம், மேல்மாடிக்காரர் செய்வதற்கு அவர் என்ன செய்வார்’ என்று நீங்கள் இரக்கப்படலாம். சட்டம் அந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. எனவே கடிதத்தில் ‘தயவுசெய்து குறைத்துத் தாருங்கள்’ என்று கெஞ்ச வேண்டாம்.

உன்ஃபெர்ட்ஸூக்லிஷ் என்பதை உடனடியாக என்று மொழிபெயர்த்தால் பீதிதான் வரும். பிரிவு 121-இன்படி அதன் பொருள், தன் தப்பால் தாமதிக்காமல் என்பது. யோசிக்கவும் விசாரிக்கவும் ஓரிரு நாள் எடுத்துக்கொள்ளலாம். மாதக்கணக்கில் பொறுத்துப் போய்விட்டு, அந்தப் பழைய மாதங்களுக்கும் சேர்த்துக் கேட்க முடியாது. வீட்டுக்காரருக்குத் தெரியாததால் அவரால் சரிசெய்ய முடியாமல் போன காலத்துக்கு 536சி உங்கள் உரிமையைப் பறித்துவிடும்.

உன்டர் ஃபோர்பெஹால்ட் என்பதைக் கடைசிப் படிக்கு வைத்திருக்கிறேன்.

படி 3: உங்கள் சத்தம் குறைபாடுதானா?

குழந்தை அழுவது, பகலில் வாக்யூம் கிளீனர் ஓடுவது, அவ்வப்போது ஒரு பிறந்தநாள் விழா ஆகியவை குறைபாட்டில் சேராது. இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம் என்பதே பரவலான வரையறை. அந்த நேரத்தில் சத்தம் வீட்டு அறைக்குள் அடங்க வேண்டும். மதிய ஓய்வு நேரம் என்று நாடு முழுவதற்குமான சட்டம் இல்லை. உங்கள் கட்டட விதிகளில், அதாவது ஹவுஸ்ஓர்ட்னுங்கில், இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒப்பந்தம் போடும்போதே அந்தச் சத்தம் உங்களுக்குத் தெரிந்திருந்தால் பிரிவு 536பி குறுக்கே நிற்கும். தண்டவாளத்தை ஒட்டிய வீட்டை ரயிலைப் பார்த்துவிட்டே எடுத்துக்கொண்டு, பிறகு ரயில் சத்தத்துக்குக் குறைப்புக் கேட்க முடியாது.

படி 4: எழுதி வையுங்கள்

தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், என்ன சத்தம், உங்களுக்கு என்ன ஆனது, கூட யார் கேட்டார்கள். இவ்வளவுதான். இதற்குப் பெயர் லெர்ம்ப்ரோட்டோகோல். திரும்பத் திரும்ப வரும் சத்தத்துக்கு இப்படி ஒவ்வொரு நாளையும் பதிவு செய்தாக வேண்டும் என்பதில்லை. என்ன வகைச் சத்தம், எந்த நேரங்களில், எவ்வளவு நேரம், ஏறக்குறைய எத்தனை தடவை என்று விவரித்தால் போதும் என்று கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் 2012-இல் சொல்லிவிட்டது. ஆனாலும் எழுதுங்கள். எதிர்த்தரப்பு மறுத்தால் கைகொடுப்பது அந்த நோட்டுதான்.

போனில் இருக்கும் டெசிபல் செயலிகளை நான் நம்புவதில்லை. சாதா நோட்டுப் புத்தகமே மேல். ஒரு முக்கியமான எச்சரிக்கை: சுவர் வழியே கேட்கும் பக்கத்து வீட்டுப் பேச்சைப் பதிவு செய்யாதீர்கள். அனுமதியில்லாமல் ஒருவரின் தனிப்பட்ட பேச்சைப் பதிவு செய்வது தண்டனைச் சட்டம் 201-இன்படி குற்றம்.

படி 5: கடிதம்

நாலைந்து வாக்கியம் போதும். இன்ன முகவரி, இன்ன மாடி வீட்டில் இருக்கிறேன். இன்ன தேதியிலிருந்து, இன்ன நேரங்களில் இன்ன சத்தம். பட்டியலை இணைத்திருக்கிறேன். இன்ன தேதிக்குள் சரிசெய்யுங்கள். அதுவரை வாடகையை உன்டர் ஃபோர்பெஹால்ட் முறையில் செலுத்துகிறேன்.

தேதியை நாள், மாதம், வருடம் என்று முழுதாக எழுதுங்கள். ‘விரைவில்’ என்று எழுதினால் அது கெடு ஆகாது. மின்னஞ்சலில் அனுப்பத் தடை இல்லை, ஆனால் ‘வரவே இல்லை’ என்று ஒருவர் சொன்னால் நிரூபிப்பது உங்கள் பாடு. கடிதத்தைப் படித்துப் பார்த்த ஒரு நண்பரே அதை உறையிலிட்டு வீட்டுக்காரரின் தபால் பெட்டியில் போட்டு, தேதி நேரத்தைக் குறித்து வைப்பதுதான் என் கணக்கில் சிறந்த வழி. தபாலில் அனுப்பினால் ஐன்வுர்ஃப்-ஐன்ஷ்ரைபன் எடுங்கள், அதாவது தபால்காரர் நேராகப் பெட்டியில் போட்டுவிட்டுக் குறித்துக்கொள்ளும் பதிவுத் தபால். கையெழுத்து வாங்கித் தரும் பதிவுத் தபால் வேண்டாம். ஆள் இல்லை என்றால் அது தபால் நிலையத்தில் போய் உட்கார்ந்துவிடும்.

படி 6: பணம்

என்னை அதிகம் குழப்பியது இந்தப் படிதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வாடகை தானாகக் குறைகிறது என்று சட்டம் சொல்கிறது, எவ்வளவு என்று சொல்லவில்லை. நியாயமான அளவுக்கு என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. இணையத்தில் சுற்றும் சதவீதப் பட்டியல்கள் எல்லாம் அந்தந்த வழக்கில் அந்தந்த நீதிபதி சொன்னவை. உங்கள் நீதிபதி அவற்றுக்குக் கட்டுப்பட்டவர் இல்லை.

கணக்குப் போடுவது வார்ம்மீட்டேயில், அதாவது வெப்பம் உள்ளிட்ட துணைச் செலவுகளும் சேர்ந்த மொத்த வாடகையில். 2005-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துவிட்டது. கால்ட்மீட்டேயில், அதாவது துணைச் செலவுகள் சேராத வெறும் வாடகையில், கணக்குப் போட்டால் நட்டம் உங்களுக்குத்தான். மொத்தம் 1200 யூரோ, 10 சதவீதம் என்றால் மாதம் 120 யூரோ. 30 நாள் மாதத்தில் 12 நாள்தான் சத்தம் என்றால் 48 யூரோ.

இப்போது ஆபத்து. நீங்களே 30 சதவீதம் என்று முடிவு செய்து மாதம் 360 யூரோ பிடித்துக்கொள்கிறீர்கள். பிறகு நீதிமன்றம் 10 சதவீதம்தான் நியாயம் என்கிறது. அப்போது மாதம் 240 யூரோ பாக்கி. பத்து மாதத்தில் 2400 யூரோ, சரியாக இரண்டு மாத வாடகை. நீண்ட காலப் பாக்கி அந்த அளவை எட்டினால் 543-ஆம் பிரிவின்படி முன்னறிவிப்புக் காலம் இல்லாமலே உங்களைக் காலி செய்யச் சொல்லலாம். குறைப்பே செல்லாது என்று தீர்ப்பானால் ஏழாவது மாதத்திலேயே அந்தக் கோட்டைத் தாண்டிவிடுவீர்கள். நல்ல நம்பிக்கையில் பிடித்தேன் என்பதும் எடுபடாது. பூஞ்சைக்காக வாடகையைப் பிடித்த ஒருவர், அதற்குக் காரணம் யார் என்பதைத் தவறாகக் கணித்த வழக்கில், 2012-இல் உச்ச நீதிமன்றம் வெளியேற்ற அறிவிப்பு செல்லும் என்றது.

அதனால்தான் உன்டர் ஃபோர்பெஹால்ட். இது ஆங்கிலம் வழியாக வந்தால் முன்பதிவு என்று ஆகிவிடும் ஆபத்து உண்டு. உண்மையில், திரும்பக் கேட்கும் உரிமையை விட்டுக்கொடுக்காமல் செலுத்துகிறேன் என்று பொருள். முழு வாடகையையும் கட்டுகிறீர்கள், பாக்கி சேராது, வெளியேற்றும் பேச்சுக்கே இடமில்லை. இதைச் சொல்லாமல் கட்டினால், கடன் இல்லை என்று தெரிந்தே கொடுத்தீர்கள் என்று 814-ஆம் பிரிவைக் காட்டி மறுப்பார்கள். கடிதத்தில் சொன்னதோடு நில்லாமல், வங்கியின் மாதாந்திர நிலையாணையிலும் காரணக் கட்டத்தில் ‘உன்டர் ஃபோர்பெஹால்ட்’ என்று சேர்த்துவிடுங்கள். வீட்டுக்காரரே கணக்கிலிருந்து எடுத்துக்கொள்கிறார் என்றால் கடிதம் ஒன்றுதான் வழி, அதில் தெளிவாக இருக்கட்டும்.

சத்தம் நின்ற பிறகு கணக்குப் பார்த்துத் திரும்பக் கேளுங்கள். பொதுவான காலவரம்பு மூன்று ஆண்டு, தொகை உருவான ஆண்டின் முடிவிலிருந்து எண்ணப்படும். சதவீதத்தை முடிவு செய்ய மட்டும் உள்ளூர் வாடகைதாரர் சங்கத்தில், அதாவது மீட்டர்ஃபெரைனில், ஒருவரைப் பாருங்கள். என் அனுபவத்தில் மொழிபெயர்ப்பாளருக்குக் கொடுப்பதைவிட இந்த உறுப்பினர் கட்டணம் பிரயோஜனம்.

பின்சேர்க்கை, வாசகர்கள் கேட்டவை

“எங்கள் ஒப்பந்தத்தில் மீட்மிண்டருங் உரிமை கிடையாது என்று எழுதியிருக்கிறதே?” குடியிருப்பு வாடகையில் அந்த வரி செல்லாது, 536-இன் நான்காம் உட்பிரிவைப் பாருங்கள்.

“மேல்வீட்டில் குழந்தைகள் ஓடுகிறார்கள்.” பெரும்பாலும் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் குழந்தைகள் என்பதால் எவ்வளவு சத்தமும் போடலாம் என்பதில்லை என்று பெர்லின் வழக்கு ஒன்றில் 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

“பக்கத்து மனையில் கட்டட வேலை.” இது கடினம். வீட்டுக்காரராலேயே தடுக்க முடியாத, அவரும் ஈடு இல்லாமல் பொறுத்துப்போக வேண்டிய வெளிச்சத்தம் என்றால் பொதுவாகக் குறைப்பு கிடையாது என்பது 2015-இலும் 2020-இலும் வந்த தீர்ப்புகளின் சாரம். உங்கள் கட்டடத்திலேயே வேலை நடந்தால் கதை வேறு. அதிலும் ஒரு விதிவிலக்கு: சூடு சேமிக்கச் சுவர்ப்பூச்சு, ஜன்னல் மாற்றுவது போன்ற ஆற்றல் சேமிப்பு வேலை என்றால் முதல் மூன்று மாதத்துக்குக் குறைப்பு இல்லை. வேலை எந்த வகை என்று அறிவிப்புக் கடிதத்தில் எழுதியிருப்பார்கள், எனெர்கெட்டிஷ் (ஆற்றல் சார்ந்த) என்ற சொல் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.