குறியீட்டை உடைக்கும் முன்பே அறிக்கையை எழுதுங்கள்

மருந்துச் சோதனைகளுக்குப் புள்ளியியல் பார்ப்பது என் வேலை. முதன்முறையாக ரிசல்ட் எழுத உட்காரும் மருத்துவர்கள், "டேட்டா எல்லாம் வந்துடுச்சு, இனி எழுத வேண்டியதுதான் பாக்கி" என்பார்கள். எனக்கு அங்கேயே வயிற்றைக் கலக்கும். எண்களைப் பார்த்த பிறகு எழுத ஆரம்பித்தால், கை தானாகவே நல்ல எண் இருக்கும் பக்கம் சாயும். பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்து யாரும் உட்காருவதில்லை. நானும் நினைக்கவில்லை.

வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருடம். ஒரு வலி மருந்து. 12ஆம் வாரத்தில் வலி எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதுதான் பிரைமரி அவுட்கம் (ஆய்வின் முக்கிய அளவுகோல்) என்று புரோட்டோகாலில், அதாவது ஆய்வுத் திட்டத்தில், எழுதியிருந்தோம். 12ஆம் வாரத்தில் மருந்து எடுத்தவர்கள், பிளாசிபோ என்ற போலி மருந்து எடுத்தவர்கள் என்ற இரண்டு பிரிவும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் 6ஆம் வாரத்தில் பி வேல்யூ (மருந்துக்குப் பலனே இல்லாவிட்டாலும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பு) வெறும் 0.03. "அதை மேலே கொண்டு வாங்களேன்" என்றார் ஆய்வின் தலைவர். கொண்டு வந்தேன். ஒரு எண்ணையும் மாற்றவில்லை, அட்டவணையில் ஒரு வரியை மேலே ஏற்றினேன், அவ்வளவுதான். கட்டுரையைப் பரிசீலித்தவர், சோதனைகளின் திட்டத்தை முன்கூட்டியே பதிவு செய்யும் டிரயல் ரெஜிஸ்ட்ரியைத் திறந்து பார்த்துவிட்டு, "பதிவில் 12 வாரம், கட்டுரையில் 6 வாரம். ஏன்?" என்று ஒரே வரி எழுதி அனுப்பினார். எங்களிடம் பதில் இல்லை.

அதற்குப் பிறகு பழகிக்கொண்ட வழிதான் இது. யாருக்கு மருந்து, யாருக்கு பிளாசிபோ என்ற குறியீடு பூட்டியிருக்கும்போதே எல்லா அட்டவணைகளையும் தயார் செய்துவிடுங்கள். தலைப்பு, வரிசை, பத்தி எல்லாம் இருக்கட்டும், கட்டங்கள் மட்டும் காலி. பிரைமரி அவுட்கம் முதல் வரியில் வர வேண்டும். அந்த வாசகத்தை ரெஜிஸ்ட்ரியிலிருந்து அப்படியே வெட்டி ஒட்டுங்கள், நினைவிலிருந்து எழுதாதீர்கள். நடுவில் ஏதாவது மாற்ற வேண்டி வந்திருந்தால் என்ன மாற்றினோம், எந்தத் தேதியில், ஏன் என்று கட்டுரையிலேயே சொல்லிவிடுங்கள். மாற்றுவது குற்றமில்லை. மறைப்பதுதான் குற்றம்.

அடுத்தது கொஞ்சம் விநோதமாகத் தெரியும். பிரிவுகளுக்கு ஏ, பி என்று மட்டும் பெயர் வைத்து ரிசல்ட்டை எடுங்கள். ஏ மருந்தாக இருந்தால் என்ன முடிவு எழுதுவோம், பி மருந்தாக இருந்தால் என்ன முடிவு எழுதுவோம் என்று இரண்டையும் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டுக் குறியீட்டை உடையுங்கள். பின்லாந்தில் முழங்கால் மெனிஸ்கஸ் (மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்பு) அறுவை சிகிச்சையைப் போலி அறுவை சிகிச்சையோடு ஒப்பிட்ட குழு இப்படித்தான் செய்தது. 2013இல் வெளியான அந்த ஆய்வு, அறுவையால் கூடுதல் பலன் இல்லை என்றது. சிலர் இதை வீண் சடங்கு என்பார்கள். எந்தப் பக்கம் ஜெயிக்க வேண்டும் என்று மனசு ஏற்கனவே முடிவு செய்திருப்பதை அந்தச் சடங்கில்தான் நான் கண்டுகொண்டேன்.

பிறகு ஆள் கணக்கு. சோதனை அறிக்கையை எப்படி எழுத வேண்டும் என்று சொல்லும் கன்சார்ட் வழிகாட்டி (1996இல் வந்தது, 2025 பதிப்பில் 30 அம்சங்கள்) கேட்கும் படத்தை, எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் விலகினார்கள் என்று காட்டும் படத்தை, அலட்சியம் செய்யாதீர்கள். உதாரணத்துக்கு 120 பேரைச் சேர்த்தோம், 104 பேர் கடைசிவரை வந்தார்கள் என்று வையுங்கள். மீதி 16 பேர் எங்கே? மருந்துப் பிரிவில் 12, பிளாசிபோவில் 4 என்றால், அந்த 12 பேரில் 7 பேர் வாந்தி தாங்காமல் நின்றவர்கள் என்றால், மிச்சமிருப்பவர்களை மட்டும் வைத்துப் போடும் கணக்கு மருந்தைத் தாங்கியவர்களின் கணக்கு. எந்தப் பிரிவில் சேர்த்தோமோ அந்தப் பிரிவிலேயே எல்லோரையும் வைத்துக் கணக்கிடுங்கள். விட்டுப் போனவர்களின் விவரத்தை எப்படி ஈடுகட்டினீர்கள் என்பதையும் எழுதுங்கள். வாந்தியைப் பக்கவிளைவு அட்டவணையில் எண்ணிக்கையோடு போடுங்கள். "பொதுவாக நன்கு தாங்கிக்கொள்ளப்பட்டது" என்ற வாக்கியத்தை நான் கண்ட இடத்தில் அடித்துவிடுவேன்.

எண்ணை எழுதும் விதத்திலும் வித்தை காட்டலாம். 1000 பேரில் 20 பேருக்கு வந்த நோய் மருந்தால் 15 பேருக்கு மட்டும் வந்தால், "ஆபத்து 25 சதவீதம் குறைந்தது" என்பது உண்மை. 1000 பேரில் 5 பேருக்குக் குறைந்தது, அதாவது ஒருவரைக் காக்க 200 பேர் மருந்து சாப்பிட வேண்டும் என்பதும் உண்மை. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். பி வேல்யூ 0.30 வந்தால் "வித்தியாசம் இல்லை" என்று எழுதிவிடாதீர்கள். கான்ஃபிடன்ஸ் இன்டர்வெல்லை, அதாவது உண்மையான பலன் எதிலிருந்து எதுவரை இருக்கலாம் என்று காட்டும் எல்லைகளைப் பாருங்கள். ஆபத்து 40 சதவீதம் குறைந்திருக்கலாம், 20 சதவீதம் கூடியும் இருக்கலாம் என்று அது சொன்னால், உங்கள் ஆய்வால் தீர்மானிக்க முடியவில்லை என்றுதான் பொருள்.

மொத்தத்தில் பலன் இல்லை, ஆனால் 60 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு இருக்கிறது என்று யாராவது உற்சாகமாக ஓடி வந்தால், அவரை உட்காரவைத்து ஐசிஸ்-2 கதையைச் சொல்லுங்கள். மாரடைப்புக்கு ஆஸ்பிரின் உயிர் காக்கிறது என்று 17,000க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் காட்டிய ஆய்வு, 1988இல் வெளியானது. உட்பிரிவுகளை நம்பினால் என்ன ஆகும் என்று காட்ட, பிறந்த ராசிப்படியும் பிரித்துப் போட்டார்கள். மிதுனத்துக்கும் துலாமுக்கும் ஆஸ்பிரின் வேலை செய்யவில்லை!

பலன் இல்லாத ரிசல்ட்டை எந்த இதழும் எடுக்காவிட்டால்? ரெஜிஸ்ட்ரியிலேயே எண்களை ஏற்றிவிடுங்கள். 1980இல் மாரடைப்பு நோயாளிகளுக்கு லார்கைனைடு கொடுத்துப் பார்த்தார்கள். நூறு பேர்கூட இல்லாத சோதனை. மருந்துப் பிரிவில் 9 பேர் இறந்தார்கள், பிளாசிபோவில் ஒருவர். தற்செயலாக இருக்கும் என்று நினைத்தார்கள். வியாபாரக் காரணத்தால் அந்த மருந்தும் கைவிடப்பட்டது, கட்டுரையும் வரவில்லை. இதயத் துடிப்பைச் சீராக்கும் அதே வகை மருந்துகளை மற்றவர்கள் பல வருடம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 1989இல் வேறொரு பெரிய சோதனையில்தான் அவை உயிரைப் பறிப்பது தெரிந்தது. லார்கைனைடு ஆய்வு அச்சில் வந்தது 1993இல்.