எஸ்கேஎக்ஸா, புது சீகோ 5-ஆ: நான் போட்ட தப்புக் கணக்கு

சீகோ கம்பெனி வாட்ச்களில் பழைய எஸ்கேஎக்ஸ் 007 வாங்கலாமா, புது சீகோ 5 ஸ்போர்ட்ஸ் வரிசையில் எஸ்ஆர்பிடி 55 வாங்கலாமா என்று மாதத்துக்கு ஒருவராவது கேட்டுவிடுகிறார். ஒரு காலத்தில் நான் போட்ட அதே தப்புக் கணக்கைத்தான் இவரும் போடுகிறார் என்பது கேட்கிற விதத்திலேயே தெரிந்துவிடும். போலி வாங்காதே, ரொம்ப மலிவென்றால் சந்தேகப்படு என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

இரண்டும் ஒரே வாட்ச் என்று நினைப்பது

பார்க்க அண்ணன் தம்பிதான். இரண்டும் 42.5 மில்லிமீட்டர் அகலம், இரண்டிலும் கிரவுன், அதாவது நேரம் வைக்கிற திருகு, நாலு மணிப் பக்கம். ஆனால் 1996-ல் வந்த 007 நிஜமான டைவ் வாட்ச்: கிரவுனைத் திருகி மூட வேண்டும், 200 மீட்டர் வரை தண்ணீர் தாங்கும், டைவ் வாட்சுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 6425 உண்டு. 2019-ல் வந்த எஸ்ஆர்பிடி அந்த உருவத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. 100 மீட்டர்தான், கிரவுன் சும்மா இழுத்து அமுக்குகிற வகை. மெஷினில் மட்டும் தம்பி கெட்டிக்காரன். 007-ல் இருக்கும் 7எஸ்26 என்ற மெஷினுக்குக் கையால் சாவி கொடுக்க முடியாது, நேரம் வைக்கக் கிரவுனை இழுத்தாலும் வினாடி முள் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். எஸ்ஆர்பிடியில் இருக்கும் 4ஆர்36 மெஷினில் அந்த இரண்டு தொல்லையும் இல்லை.

ஜே மாடலா, கே மாடலா?

007-ல் ஜே என்றால் ‘மேட் இன் ஜப்பான்’ என்று போட்டிருக்கும், கே என்றால் போட்டிருக்காது. மெஷின் ஒன்றுதான். ஜே-க்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

டயலில் இருக்கும் 200-ஐ நம்புவது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. 200 பெரியதா 100 பெரியதா என்று பார்த்து, ஒருவர் கைமாற்றி விற்ற 007-ஐ வாங்கினேன். கண்ணாடியை எளிதில் கீறல் விழாத சஃபையருக்கு மாற்றியிருந்தார், முள்ளும் புதுசு, பார்க்க அவ்வளவு அழகு. தண்ணீர் உள்ளே போகாமல் தடுக்கிற ரப்பர் வளையங்களைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கோவளத்தில் அரைமணி நேரம் கடலில் இருந்துவிட்டு ஏசி அறைக்குள் வந்து உட்கார்ந்தேன், கண்ணாடிக்கு உள்பக்கம் மெல்லப் பனி படர்ந்தது. அப்போதே ஓடிப்போய்ப் பின்மூடியைத் திறக்கச் சொல்லியிருந்தால் தப்பித்திருக்கும். நான் என்ன செய்தேன்? அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்தேன். பனி மறைந்ததும் சரியாகிவிட்டது என்று சந்தோஷம் வேறு. ஈரம் போகும் சார், உப்பு எங்கே போகும்? அடுத்த வாரம் வாட்ச் நின்றுவிட்டது.

ரிப்பேர்காரர் திறந்து காட்டினார். கை அசைவில் சுற்றிச் சாவி கொடுக்கிற ரோட்டரின் ஓரமெல்லாம் துரு. பின்மூடி வளையம் காய்ந்த இடியாப்ப இழை மாதிரி, தொட்டதும் ஒடிந்தது. மெஷினையே மாற்ற வேண்டியதாயிற்று. வாட்சுக்குக் கொடுத்தது, மெஷின், கூலி எல்லாம் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால், புது எஸ்ஆர்பிடி வாங்கி மிச்சத்தில் குடும்பத்தோடு சாப்பிட்டே வந்திருக்கலாம்.

அந்த 200 என்பது கம்பெனியிலிருந்து வெளியே வந்த நாளின் கணக்கு. யாராவது ஒருமுறை மூடியைத் திறந்துவிட்டாலோ, கண்ணாடியை மாற்றிவிட்டாலோ, மறுபடி காற்றழுத்தச் சோதனை செய்யும்வரை அதை மழையில் நனையவிடக்கூட யோசியுங்கள். 007-தான் வேண்டும் என்றால் தாராளமாக வாங்குங்கள், எனக்கும் அதன் மேல் ஆசை தீரவில்லை. ஆனால் எப்போது திறந்தது, எதை மாற்றியது என்று விற்பவரிடம் கேளுங்கள், புது வளையங்களுக்கும் சோதனைக்கும் தனியாகப் பணம் எடுத்து வையுங்கள். அதிகபட்சம் நீச்சல் குளம்தான் என்றால் புது எஸ்ஆர்பிடியின் 100 மீட்டரே போதும்.

ஸ்ட்ராப்பைப் பார்த்து முடிவு செய்வது

இரண்டுக்கும் ஸ்ட்ராப் அகலம் 22 மில்லிமீட்டர்தான். எதை வேண்டுமானாலும் கழற்றி மாட்டிக்கொள்ளலாம்.