வீட்டுக்குள் வளரும் பூனைக்குத் தீனிப் புதிர்: ஐஸ்கிரீம் டப்பாவில் தொடங்குங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் பூனையை வாசல் தாண்ட விடாமல் வளர்ப்பவர்களுக்குக் காரணம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தெருவில் மினிபஸ் டாக்ஸி, மதிலுக்கு அந்தப் பக்கம் நாய், புதரில் மாம்பா பாம்பு. உள்ளே இருக்கும் பூனைக்கு இந்தப் பயம் எதுவும் இல்லை, ஆனால் வேலையும் இல்லை. ஒரு கிண்ணம் பெல்லட்டை, அதாவது கடையில் விற்கும் உலர் தீனியை, ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டுப் பகலெல்லாம் தூங்கும். விடியற்காலை நாலு மணிக்கு உங்கள் கால்விரலைக் கடித்து எழுப்பும். வெளியில் வேட்டையாடி வாழும் பூனை ஒரு நாளில் பத்து முறைக்குக் குறையாமல் சின்னச் சின்ன இரையாகப் பிடித்துத் தின்னும். ஒரு சுண்டெலியில் ஏறக்குறைய 30 கிலோகலோரிதான் இருக்கிறது. அந்தத் தேடலில் கொஞ்சத்தையாவது வீட்டுக்குள் கொண்டுவருவதற்குத்தான், தீனியை ஒளித்துவைத்துப் பூனையே தேடி எடுக்க வைக்கும் தீனிப் புதிர்.

முதலில் தராசை எடுங்கள். கருத்தடை செய்த, 4 கிலோ எடையுள்ள வீட்டுப் பூனைக்கு நாளொன்றுக்குச் சுமார் 200 கிலோகலோரி போதும். பெரும்பாலான பெல்லட்டுகளில் 100 கிராமுக்கு 350 முதல் 400 கிலோகலோரி இருக்கும். ஆக, ஒரு நாள் பங்கு 50 முதல் 57 கிராம். காலையிலேயே நிறுத்து மூடியுள்ள ஒரு டப்பாவில் போட்டுவிடுங்கள். அன்று புதிருக்குள் போகும் ஒவ்வொரு பெல்லட்டும் அந்த டப்பாவிலிருந்துதான் வர வேண்டும். கிண்ணத்தில் வழக்கமான அளவைப் போட்டுவிட்டு, விளையாட்டுக்கு என்று தனியாக இன்னொரு கைப்பிடி போட்டால் பூனை குண்டாகும், அவ்வளவுதான்.

புதிர் செய்யக் காசு வேண்டாம். கடையில் விற்கும் பொம்மைகளில் நல்லவையும் உண்டு. ஆனால் தொடக்கத்துக்கு, நம் வீடுகளில் மசாலாவும் பருப்பும் போட்டு வைக்கும் அந்த 2 லிட்டர் ஐஸ்கிரீம் டப்பாவே மேல். கூடவே டாய்லெட் ரோலின் அட்டைக் குழாய்கள் ஏழெட்டு. மசாலா வாடை ஏறாத டப்பாவாகப் பாருங்கள்.

குழாய்களைக் குறுக்கே பாதியாக வெட்டி, 5 செ.மீ. உயரத் துண்டுகளாக டப்பாவுக்குள் நிற்க வையுங்கள். நெருக்கி அடுக்கினால் பசை தேவைப்படாது. ஒவ்வொரு குழாயிலும் இரண்டு பெல்லட், மேலே பார்த்தவுடன் தெரியும்படி நாலைந்து. மூடி வேண்டாம். பூனை மூக்கை விட்டே பாதியைத் தின்றுவிடும், அப்படித்தான் இருக்க வேண்டும். முதல் புதிர் புதிராகவே இருக்கக் கூடாது.

மூன்று நாள் தயங்காமல் தின்றால் குழாய்களை வெட்டாமல் முழு உயரத்தில், 10 செ.மீ. அளவில் வையுங்கள். இப்போது மூக்கு அடிவரை எட்டாது, முன்னங்காலை விட்டுத் தோண்டி எடுக்க வேண்டும். அதுவும் பழகியபின் குழாய்களை எடுத்துவிட்டு மூடியைப் போடுங்கள். மூடியில் 4 செ.மீ. அகலத்தில் மூன்று ஓட்டை வெட்டி, விளிம்பை மணல்தாளால் தேய்த்து மழுக்குங்கள். உள்ளே பெல்லட்டோடு கசக்கிய காகித உருண்டைகள் இரண்டு மூன்று போட்டால் தேடும் வேலை கூடும். ஓட்டையின் அளவில் அலட்சியம் கூடாது. கால் மட்டும் நுழைய 4 செ.மீ. போதும். 6, 7 செ.மீ. என்று வெட்டினால் தலை உள்ளே போய் வெளியே வராமல் சிக்கிக்கொள்ளும்; குட்டி இருக்கும் வீட்டில் இன்னும் கவனம்.

டப்பா லேசானது, டைல் தரையில் நழுவி ஓடும். பூனை தொட்டதும் நகர்ந்தால் பயந்து விலகிவிடும். அடியில் ஈரத்துணியை மடித்துப் போடுங்கள்.

உருளும் புதிர் அடுத்த கட்டம். 500 மி.லி. தண்ணீர் பாட்டிலில் மூடிக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் வளையத்தை முதலில் வெட்டி எறியுங்கள், அதைக் கடித்து விழுங்கும் பூனைகள் உண்டு. ஆணியை இடுக்கியால் பிடித்துச் சூடாக்கி ஓட்டை போடலாம். புகை கெட்டது, வெளியில் வைத்துச் செய்யுங்கள். பெல்லட்டின் அகலம் 10 மி.மீ. என்றால் ஓட்டை 20 மி.மீ. இருக்கட்டும், ஆறு ஓட்டை. பாட்டிலில் மூன்றில் ஒரு பங்குதான் நிரப்ப வேண்டும்; நிறைய அடைத்தால் பெல்லட் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றுவிடும், ஒன்றும் விழாது. பழகியபின் இரண்டு ஓட்டைகளைத் திறந்து வைத்து மற்றவற்றை மூட நினைப்பவர்கள் டேப் ஒட்டாதீர்கள், பூனை அதைப் பிய்த்துத் தின்னும். 15 மி.மீ. ஓட்டையோடு இன்னொரு பாட்டில் செய்வது சுலபம். நீண்ட நாள் உழைக்க வேண்டுமானால் ஹார்டுவேர் கடையில் 40 மி.மீ. பிவிசி குழாயும் இரண்டு மூடிகளும் வாங்கி, 20 செ.மீ. நீளத்துக்கு வெட்டித் துளையிடுங்கள். ஃபிளாட்டில் இருப்பவர்கள் பாய் மேல் உருட்ட விடுங்கள். இரவில் டைல் மேல் பிவிசி உருண்டால் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து நிற்பார்.

ஈர உணவு தின்னும் பூனைக்கு மஃபின் தட்டு அல்லது ஐஸ் தட்டின் குழிகளில் அரை டீஸ்பூன் வீதம் அப்பினால் போதும். டர்பன் கோடையின் புழுக்கத்தில் அதை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே விட்டுவைக்காதீர்கள். டின் மீன் வாங்கும்போது பார்த்து வாங்குங்கள்: தக்காளி சாஸில் வரும் பில்சர்ட் பூனைக்கு ஆகாது, அதைத் தாளித்த கறி அறவே ஆகாது. வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும்.

கிண்ணத்தை எப்போது எடுப்பது? இதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். முதல் வாரம் நாள் பங்கில் கால்வாசி மட்டும் புதிரில், மீதி கிண்ணத்தில். அடுத்த வாரம் பாதி. பிறகு முக்கால். ஒரு மாதத்தில் முழுதும் மாறினால் நல்ல வேகம். பாதியிலேயே நின்றுவிட்டாலும் குற்றமில்லை. ஆனால் நிறைந்த கிண்ணத்தையும் புதிரையும் ஒரே நேரத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள். சும்மா கிடைக்கும் தீனி இருந்தால் பூனைகள் பெரும்பாலும் அதையே எடுக்கும் என்று கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வும் காட்டுகிறது. புதிரை முதலில், பசி வேளையில் வையுங்கள்; கிண்ணம் அரை மணி கழித்து.

பட்டினி போட்டால் பழகிவிடும் என்பது நாய்க்குச் சொல்லும் யோசனை. பூனையிடம், அதுவும் குண்டுப் பூனையிடம், அதைச் செய்யவே கூடாது. சில நாள் தின்னாமல் இருந்தாலே ஈரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கு ஆபத்தாகும். ஒரு நாள் முழுக்கத் தின்னவில்லை என்றால் பழைய கிண்ணத்தைத் திரும்ப வையுங்கள். அதிலும் வாய் வைக்காவிட்டால் கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

பூனை ஒருமுறை முகர்ந்துவிட்டுப் போய்விட்டால் அது சோம்பேறி அல்ல, புதிர் கடினம். ஒரு படி கீழே இறங்குங்கள். புதிரைக் கவிழ்த்து, கத்தி, வாலை அடித்துக்கொண்டு நின்றாலும் இதே மருந்துதான். ஒரே நிமிடத்தில் காலி செய்தால் மேலே ஏற்றுங்கள். பத்து நிமிடம் ஈடுபாட்டோடு தோண்டினால் சரியான இடத்தில் இருக்கிறீர்கள்.

நம் ஊருக்கே உரிய தொல்லைகள் சில உண்டு. எறும்பு வந்தால், தண்ணீர் ஊற்றிய அகலத் தட்டின் நடுவில் புதிரை வையுங்கள். பூச்சிமருந்துச் சாக்பீஸ் கோடு பூனை இருக்கும் வீட்டுக்கு ஆகாது. இரவில் பெல்லட்டை விட்டுவைத்தால் கரப்பான் வரும், படுக்கும் முன் எடுத்துவிடுங்கள். குரங்கு வரும் தெருவாக இருந்தால் ஜன்னலோரம் எதையும் வைக்காதீர்கள். மூடியைக் கழற்றுவதில் பூனையைவிட அதற்குக் கை தேர்ந்தது, அதைக் கண்டு மிரண்ட பூனை அந்த அறைக்கே வர மாட்டாது. தீபாவளி வாரத்தில் புதுப் புதிர் எதையும் அறிமுகப்படுத்தாதீர்கள். வெடிச் சத்தத்தில் கட்டிலடியில் பதுங்கும் பூனைக்கு அங்கேயே திறந்த தட்டில் தீனி போதும்.

இரண்டு பூனை இருந்தால் இரண்டு புதிர், ஒன்றையொன்று பார்க்க முடியாத இரண்டு மூலைகளில். ஒரே புதிரை வைத்தால் துணிந்தது தின்னும், மற்றது ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும். நிறுத்துப் போட்ட பங்கும் வீண்.

நூல், ரப்பர் பேண்ட், கம்பளி இழை எதுவும் புதிரில் இருக்கக் கூடாது. விழுங்கிய நூல் குடலைச் சுருட்டிவிடும், அறுவை சிகிச்சை வரை போகும். ஈரமான, கடிபட்ட அட்டையை உடனே மாற்றுங்கள். பிளாஸ்டிக்கை இரண்டு நாளுக்கு ஒருமுறை சோப்புப் போட்டுக் கழுவுங்கள், ஈர உணவு வைத்ததை அன்றன்றே. எண்ணெய்ப் பிசுக்கு தங்கினால் பூனைக்குப் பிடிக்காது. கீறல் விழுந்த டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததை எடுங்கள், ஐஸ்கிரீம் தின்ன ஆள் இல்லாத வீடா?

மூட்டுவலி உள்ள கிழட்டுப் பூனைக்குத் தோண்டும் புதிர் வேண்டாம், குட்டை விளிம்புள்ள மஃபின் தட்டே போதும். தட்டை மூக்குப் பெர்சியனுக்கும் அதுதான். இன்சுலின் போடும் பூனைக்கு எந்த நேரத்தில் எவ்வளவு உள்ளே போகிறது என்பது முக்கியம் என்பதால், மருத்துவரிடம் கேட்காமல் கிண்ணத்தில் கை வைக்காதீர்கள்.