பல்கலைக்கழகத்தில் மருத்துவத் தொழில்நுட்ப ஆய்வைத் தொடங்குவது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

பல்கலைக்கழக ஆய்வகங்களில் மருத்துவத் தொழில்நுட்பப் பணிக்கு வருபவர்களில் பலர் பொறியியலோ கணினி அறிவியலோ படித்தவர்கள். நிரல் எழுதுவதும் சிக்னலை வடிகட்டுவதும் அவர்களுக்குக் கைவந்த வேலைகள். ஆனால் மருத்துவத் தரவின் இயல்பு வேறு. ஒரே நோயாளியிடமிருந்து ஒரே நாளில் லட்சக்கணக்கான அளவீடுகள் வந்து குவியும். அவற்றை லட்சம் சான்றுகள் என்று எண்ணிக்கொண்டால் ஆய்வு முழுவதும் தடம் புரண்டுவிடும். கேள்வி கேட்பது, அனுமதி பெறுவது, தரவைப் பிரிப்பது, முடிவை மதிப்பிடுவது ஆகிய எல்லாக் கட்டங்களிலும் கணக்கின் அலகு நோயாளிதான் என்பதை மனத்தில் நிறுத்திக்கொண்டு, பின்வரும் படிகளை ஒவ்வொன்றாகச் செய்து பாருங்கள்.

முதல் படி: கேள்வியை வார்டில் தேடுங்கள்

"செயற்கை நுண்ணறிவின் மூலம் இதயத் துடிப்புக் கோளாறைக் கண்டறிதல்" என்பது ஒரு துறையின் பெயர். ஆய்வுக் கேள்வி ஆகாது. யாருக்காக, எந்த முடிவை, யார், எந்த நேரத்தில் எடுக்கிறார், இப்போது அதை எப்படி எடுக்கிறார் என்ற ஐந்துக்கும் விடை இருந்தால்தான் அது கேள்வி. எடுத்துக்காட்டாக, பக்கவாதத்தால் அனுமதிக்கப்பட்டவர்களில் விட்டுவிட்டு வரும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் கோளாறு) யாருக்கு இருக்கிறது என்பதை, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தைத் தொடங்கலாமா என்று மருத்துவர் தீர்மானிப்பதற்கு முன்பே, வழக்கமான 24 மணி நேர ஹோல்டர் (உடலில் அணியும் ஈசிஜி கருவி) பதிவைக் காட்டிலும் நன்றாகக் கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்கலாம். இப்படிக் கேட்டவுடன் எந்தத் தரவு வேண்டும், எதனுடன் ஒப்பிட வேண்டும், எந்தப் பிழை ஆபத்தானது என்பதெல்லாம் தாமாகவே தெளிவாகும்.

இதற்காக, உரிய அனுமதியுடன், ஒரு பணிநேரம் முழுவதும் செவிலியர் ஒருவருடன் இருந்து கவனியுங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் மானிட்டர்கள் எழுப்பும் எச்சரிக்கை ஒலிகளில் பெரும்பகுதி எந்த நடவடிக்கையும் தேவைப்படாதவை. விரலிலிருந்து உணர்வி நழுவினாலும் ஒலிக்கும், நோயாளி புரண்டு படுத்தாலும் ஒலிக்கும். ஒலி மிகுதியால் கவனம் மங்குவது அத்துறையில் நன்கு அறியப்பட்ட அபாயம். இதை நேரில் கண்டவர், புதிதாக இன்னோர் எச்சரிக்கை ஒலியைச் சேர்க்கும் கருவியை முன்மொழிவதற்கு முன் நிச்சயம் யோசிப்பார்.

இரண்டாம் படி: உடன் பணியாற்றுவோரைச் சேருங்கள்

ஒரு மருத்துவர், ஒரு புள்ளியியலாளர், கருவியை அன்றாடம் கையாளும் ஒரு செவிலியர் அல்லது டெக்னீஷியன் ஆகிய மூவராவது தொடக்கத்திலிருந்தே வேண்டும். புள்ளியியலாளரிடம் தரவைத் திரட்டி முடித்த பிறகு செல்வது வீண். எத்தனை நோயாளிகள் தேவை என்ற கணக்கை அவர் தொடக்கத்திலேயே போட்டுத் தர வேண்டும்.

மூன்றாம் படி: நெறிமுறைக் குழுவின் அனுமதியைப் பெறுங்கள்

மனிதர்களையோ அவர்களுடைய மருத்துவத் தகவல்களையோ பயன்படுத்தும் ஆய்வு, நெறிமுறைக் குழுவின் பரிசீலனைக்குச் செல்ல வேண்டும். இந்த நடைமுறைக்கு அடித்தளமாக இருப்பவை 1964-இல் உலக மருத்துவச் சங்கம் ஏற்றுக்கொண்ட ஹெல்சின்கி பிரகடனமும், 1979-இல் அமெரிக்காவில் வெளியான பெல்மான்ட் அறிக்கையும் ஆகும். மனிதரை மதித்தல், நன்மை செய்தல், நீதி என்ற மூன்று கோட்பாடுகளை அந்த அறிக்கை வகுத்துத் தந்தது. உங்கள் விண்ணப்பத்தில் குழு தேடுவதும் இவற்றைத்தான்: பங்கேற்பவர் புரிந்துகொண்டு ஒப்புதல் தருகிறாரா, எந்த நேரத்திலும் விலகிக்கொள்ள முடியுமா, அபாயத்துக்கு ஈடான பயன் இருக்கிறதா, சுமை ஒரு சாராரின் மீதே விழுகிறதா.

ஒப்புதல் படிவத்தை எளிய சொற்களில் எழுதி, உங்கள் துறைக்குத் தொடர்பில்லாத ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள். "ஒளியியல் முறையில் குருதி ஆக்சிஜன் செறிவு மதிப்பிடப்படும்" என்பதைவிட "விரலில் ஒரு சிறிய கிளிப்பை மாட்டி, அதன் வெளிச்சத்தைக் கொண்டு இரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்று பார்ப்போம், வலிக்காது" என்பதே நோயாளிக்குப் பயன்படும். தரவைத் திரட்டிய பிறகு அனுமதி கேட்கும் வழக்கத்துக்கு இங்கே இடமில்லை. குழு திருத்தங்கள் கேட்பது இயல்பு என்பதால், அதற்கான காலத்தையும் ஆய்வுத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: திறந்த தரவில் கை பழகுங்கள்

அனுமதிக்காகக் காத்திருக்கும் காலத்தை வீணாக்க வேண்டியதில்லை. 1999 முதல் இயங்கிவரும், மருத்துவ சிக்னல்களைப் பகிரும் பிசியோநெட் தளத்தில் எம்ஐடி-பிஐஎச் அரித்மியா (இதயத் துடிப்புக் கோளாறு) தரவுத்தொகுப்பு இலவசமாகக் கிடைக்கிறது. 1975 முதல் 1979 வரை பாஸ்டனில் ஆராயப்பட்ட 47 பேரின் ஈசிஜி பதிவுகளிலிருந்து, ஒவ்வொன்றும் அரை மணி நேரம் நீளும் 48 பதிவுகளைத் தேர்ந்தெடுத்து 1980-இல் வெளியிட்டார்கள். ஒவ்வொரு பதிவையும் குறைந்தது இரண்டு இதய மருத்துவர்கள் தனித்தனியே பார்த்துத் துடிப்புகளுக்குக் குறியிட்டு, கருத்து வேறுபட்ட இடங்களைப் பேசித் தீர்த்திருக்கிறார்கள். புதியவர் பழகுவதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்பது என் கருத்து.

100 என்ற எண்ணுள்ள பதிவை இறக்குங்கள். அதில் சிக்னல் கோப்பு, தலைப்புக் கோப்பு, மருத்துவர்களின் குறிகள் அடங்கிய கோப்பு என மூன்று இருக்கும். முதலில் தலைப்புக் கோப்பைத் திறந்து படியுங்கள். பலர் இதைத் தாண்டி ஓடிவிடுகிறார்கள். விநாடிக்கு 360 அளவீடுகள், ஒரு லீடுக்கு (உடலில் ஒட்டிய மின்முனைகளிலிருந்து வரும் ஒரு ஈசிஜி சிக்னல்) 6,50,000 எண்கள், ஒரு மில்லிவோல்ட்டுக்கு 200 அலகுகள், பூஜ்ய நிலை 1,024 என்பவை அதில் இருக்கும். ஆகவே கோப்பில் 1,224 என்று காணும் எண் ஒரு மில்லிவோல்ட்டைக் குறிக்கிறது. இந்த மாற்றத்தைப் பைத்தான் நூலகம் தானாகச் செய்து தரும் என்றாலும், ஒருமுறை கையால் கணக்கிட்டுச் சரிபாருங்கள். பின்னர் முதல் பத்து விநாடிகளை வரைபடமாக வரைந்து, குறிகளை அதன்மேல் பதித்து, ஒவ்வொரு கூரிய முகட்டின் மீதும் குறி சரியாக அமர்ந்திருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

அடுத்ததாக எல்லாப் பதிவுகளின் தலைப்புகளையும் வரிசையாகப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் முதல் லீடு எம்எல்-2 எனப்படும் மாற்றியமைத்த இரண்டாம் லீடு. ஆனால் 114-ஆம் பதிவில் லீடுகளின் வரிசை தலைகீழாக இருக்கிறது. 102, 104 ஆகியவற்றில் எம்எல்-2 லீடே கிடையாது. எப்போதும் முதல் நெடுவரிசையையே எடுக்கும்படி நிரல் எழுதியவர், நெஞ்சின் வேறோர் இடத்திலிருந்து வந்த சிக்னலை அறியாமலே கலந்துவிடுவார். நிரல் எந்தப் பிழைச் செய்தியும் காட்டாமல் ஓடி முடியும். நெடுவரிசையின் எண்ணை நம்பாமல் லீடின் பெயரைக் கொண்டே எடுங்கள். 102, 104, 107, 217 ஆகிய நான்கும் பேஸ்மேக்கர் பொருத்தியவர்களின் பதிவுகள். துடிப்பு வகைப்பாட்டு ஆய்வுகளில் இவற்றை விலக்கிவிடுவது வழக்கம்.

இதில் பழகியபின் மிமிக் தொகுப்புக்குச் செல்லலாம். அதன் மூன்றாம் பதிப்பு, 2001 முதல் 2012 வரை பாஸ்டனின் ஒரு மருத்துவமனைத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இருந்த 40,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகளைக் கொண்டது. அடையாளங்கள் நீக்கப்பட்டிருந்தும், மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வு பற்றிய பயிற்சியை முடித்து, பயன்பாட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகே தரவு கைக்கு வரும். அதை உங்கள் நண்பருக்குக்கூட நீங்கள் அனுப்பக் கூடாது. அந்தப் பதிப்பில் வயதைக் கணக்கிட்டால் சிலருக்கு 300-க்கு மேல் வரும். 89 வயதைத் தாண்டியவர்களை யாரும் அடையாளம் காணாதிருக்கப் பிறந்த தேதியை வேண்டுமென்றே பின்னுக்குத் தள்ளியிருக்கிறார்கள். சராசரி வயதைக் கணக்கிடுவதற்கு முன் இதைக் கையாளவில்லை என்றால், முதல் அட்டவணையே தவறாகிவிடும்.

ஐந்தாம் படி: நோயாளிவாரியாகப் பிரியுங்கள்

மாதிரிக்கு (தரவிலிருந்து கற்றுக் கணிக்கும் கணினி நிரலுக்கு) கற்பிக்க ஒரு பகுதி, சோதிக்க ஒரு பகுதி என்று தரவைப் பிரிக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். தவறு நேர்வது பிரிக்கும் விதத்தில். எம்ஐடி-பிஐஎச் தொகுப்பின் ஏறத்தாழ 1,10,000 துடிப்புகளையும் குலுக்கி இரண்டாகப் பிரித்தால், ஒருவருடைய இதயத் துடிப்புகளே இரு பக்கமும் போய்ச் சேரும். ஒரு மனிதரின் ஈசிஜி வடிவம் துடிப்புக்குத் துடிப்பு பெரிதும் ஒத்திருப்பதால், மாதிரி நோயைக் கற்காமல் ஆளை நினைவில் வைத்துக்கொள்ளும். சோதனை மதிப்பெண் உயரும். புதிய நோயாளி வந்ததும் சரிந்துவிடும்.

ஆகவே ஒரு நோயாளி முழுவதுமாக ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கொண்டு பிரித்தாலும் போதாது. 48 பதிவுகள், 47 பேர் என்று மேலே சொன்னேன். 201, 202 ஆகிய இரண்டும் ஒரே மனிதருடையவை. இவ்விரண்டையும் எதிரெதிர்ப் பக்கங்களில் வைக்காதீர்கள். உங்கள் சொந்தத் தரவிலும் மறுபடி அனுமதிக்கப்பட்டவர்களை இதே போலத் தேடிப் பிடிக்க வேண்டும்.

ஆறாம் படி: மதிப்பெண்ணைச் சந்தேகியுங்கள்

மீண்டும் 100-ஆம் பதிவுக்கு வருவோம். அதில் 2,273 துடிப்புகள். அவற்றுள் 2,239 இயல்பானவை, 33 முந்தி வரும் ஏட்ரியல் (மேலறை) துடிப்புகள், ஒன்றே ஒன்று முந்தி வரும் வென்ட்ரிகுலர் (கீழறை) துடிப்பு. எதையும் ஆராயாமல் எல்லாவற்றையும் "இயல்பு" என்று சொல்லும் நிரலுக்கும் 98.5 விழுக்காடு துல்லியம் கிடைத்துவிடும். நோயைக் கண்டுபிடிக்கும் திறனோ பூஜ்யம். எனவே, நோய் உள்ளவர்களில் எத்தனை பேரைப் பிடிக்கிறது என்ற உணர்திறனையும், நோய் இல்லாதவர்களில் எத்தனை பேரைச் சரியாக விடுவிக்கிறது என்ற தனித்தன்மையையும் தனித்தனியே கூறுங்கள்.

அதுவும் போதாது, நோய் எவ்வளவு பரவலாக உள்ளது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 10,000 பேரில் 100 பேருக்கு நோய் இருக்கிறது என்றும், உணர்திறன், தனித்தன்மை இரண்டும் 95 விழுக்காடு என்றும் கொள்வோம். நோயுள்ள 95 பேர் பிடிபடுவர். நோயில்லாத 9,900 பேரில் 495 பேருக்கும் "நோய் உண்டு" என்று வரும். மொத்தம் 590 எச்சரிக்கைகளில் உண்மையானவை 95, அதாவது ஏறத்தாழ ஆறில் ஒன்று. இந்தக் கணக்கை மருத்துவரிடம் காட்டி, மீதி ஐந்து பேரை என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். அவருடைய பதிலைப் பொறுத்தே உங்கள் மாதிரி "நோய் உண்டு" என்று சொல்லும் எல்லைக்கோட்டை எங்கே வைப்பது என்பது அமையும்.

ஏழாம் படி: கருவி செய்பவர்களுக்கு மட்டும்

புதிய அளவீட்டுக் கருவியைப் பழைய கருவியோடு ஒப்பிடும்போது ஒட்டுறவுக் கெழுவை (இரு அளவீடுகள் எவ்வளவு சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்ற எண்ணை) மட்டும் தந்து நிறுத்திவிடாதீர்கள். எப்போதும் 10 அலகு கூடுதலாகக் காட்டும் கருவியும் முழு ஒட்டுறவைப் பெறும். புள்ளியியலாளர்களான பிளாண்ட், ஆல்ட்மன் ஆகிய இருவரும் 1986-இல் விளக்கிய முறையில், இரு கருவிகளின் வேறுபாட்டை அவற்றின் சராசரிக்கு எதிராக வரையுங்கள். இரத்த அழுத்தமானிக்கான ஐஎஸ்ஓ 81060-2 தரநிலை, சராசரிப் பிழை 5 மி.மீ. பாதரசத்துக்குள்ளும் திட்ட விலக்கம் (பிழைகள் சராசரியிலிருந்து சிதறும் அளவு) 8-க்குள்ளும் இருக்க வேண்டும் என்கிறது. பொதுவான சோதனைக்குக் குறைந்தது 85 பேரைக் கேட்கிறது.

அவர்கள் யார் யார் என்பதும் முக்கியம். 2020 டிசம்பரில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், விரலில் மாட்டி ஆக்சிஜன் செறிவை அளக்கும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் 92 முதல் 96 விழுக்காடு வரை காட்டியபோதும், தமனி இரத்தத்தில் அளந்த செறிவு 88-க்கும் கீழே இருந்த நிலை, ஒரு மருத்துவமனையின் கறுப்பின நோயாளிகளிடம் 11.7 விழுக்காடாகவும் வெள்ளையரிடம் 3.6 விழுக்காடாகவும் காணப்பட்டது. தோலினூடே ஒளியைச் செலுத்தி அளக்கும் எந்தக் கருவியைச் செய்தாலும், எல்லாத் தோல் நிறத்தவரையும் சோதனையில் சேர்ப்பது உங்கள் கடமை.

எட்டாம் படி: வேறோர் இடத்தில் சோதியுங்கள்

2018-இல் வெளியான ஓர் ஆய்வு, எக்ஸ்ரேயில் நிமோனியாவைக் கண்டறியும் மாதிரிகளைப் பல மருத்துவமனைகளின் படங்களில் சோதித்தது. படம் எந்த மருத்துவமனையில் எடுக்கப்பட்டது என்பதை மாதிரிகள் கிட்டத்தட்டப் பிழையின்றிக் கண்டுகொண்டன. நோய் அதிகமுள்ள இடம் எது என்பதையே தடயமாக்கிக்கொள்ள அது வழிவிட்டது. 2021-இல் செப்சிஸை (கிருமித்தொற்றால் உடலுறுப்புகள் பழுதாகும் ஆபத்தான நிலையை) முன்கூட்டியே அறிவிக்கும் வணிக மாதிரி ஒன்றை ஒரு பல்கலைக்கழக மருத்துவமனையில் சரிபார்த்தபோது, அது பிடித்தது 33 விழுக்காட்டினரை மட்டுமே. ஆகவே இன்னொரு மருத்துவமனையின் தரவு கிடைக்க இப்போதே முயற்சி எடுங்கள். அதன்பின், மாதிரியின் கணிப்பை மருத்துவர்களுக்குக் காட்டாமல் சில காலம் பின்னணியில் ஓடவிட்டு, உண்மையில் நடந்ததோடு ஒப்பிடுங்கள். சிகிச்சையைத் தொடாமல் குறைகளை அறிய இதுவே பாதுகாப்பான வழி.

ஒன்பதாம் படி: எழுதுங்கள்

கணிப்பு மாதிரிகளுக்கு 2015-இல் வெளியாகி, 2024-இல் இயந்திரக் கற்றலையும் உள்ளடக்கி விரிவாக்கப்பட்ட ட்ரைபாட் வழிகாட்டியின் சரிபார்ப்புப் பட்டியலை எழுதத் தொடங்கும்போதே அருகில் வைத்துக்கொள்ளுங்கள். சிகிச்சைச் சோதனை என்றால், முதல் பங்கேற்பாளரைச் சேர்ப்பதற்கு முன்பே பொதுப் பதிவேட்டில் பதிந்துவிட வேண்டும்; இல்லையெனில் முன்னணி மருத்துவ இதழ்கள் கட்டுரையை ஏற்காது. எத்தனை நோயாளிகளை அணுகினீர்கள், எத்தனை பேர் மறுத்தார்கள், எத்தனை பேரின் பதிவு பழுதானது, இறுதியில் எத்தனை பேர் எஞ்சினார்கள் என்பதை ஒரு படமாக வரைந்து கட்டுரையின் முதல் பக்கங்களிலேயே வையுங்கள். ஒவ்வொரு முடிவுக்கும் துடிப்புகளின் எண்ணிக்கையோடு நோயாளிகளின் எண்ணிக்கையையும் எழுதுங்கள். தரவைப் பிரிக்கப் பயன்படுத்திய பட்டியலையும் நிரலின் அந்தப் பதிப்பையும், அடுத்து ஆய்வகத்துக்கு வரும் மாணவர் அப்படியே மீண்டும் ஓட்டிப் பார்க்கும் வகையில் ஒரே இடத்தில் பாதுகாத்து வையுங்கள்.