மறுசுழற்சி நூலில் உங்கள் பிராண்டுக்குக் காலுறை செய்து வாங்குவது எப்படி?

எங்கள் சிறிய பிராண்டுக்காகத் திருப்பூர் வட்டாரத்தில் முதன்முறை 1,000 ஜோடி காலுறைகளைச் செய்து வாங்கியபோது, ஜோடிகளோடு இணைக்க முன்கூட்டியே அச்சடித்து வைத்திருந்த லேபிள் அட்டைகள் அத்தனையையும் பழைய காகிதக் கடைக்குப் போட வேண்டியதாயிற்று. பின்னலிலோ நிறத்திலோ குறையில்லை. ஒரு பெருக்கல் கணக்கை நான் போடாமல் விட்டதுதான் காரணம். அது மூன்றாம் படியில் வருகிறது. பிராண்டுப் பெயர், ஜி.எஸ்.டி. எண் ஆகியவை உங்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன என்று எடுத்துக்கொண்டே தொடங்குகிறேன்.

முதல் படி, நூல். பெரும்பாலோர் முதலில் காலுறைத் தயாரிப்பாளரைத் தேடுகிறார்கள். நான் நூலிலிருந்து தொடங்கச் சொல்வேன். பனியன் நிறுவனங்களில் துணி வெட்டும்போது மிஞ்சும் துண்டுகளை நிறவாரியாகப் பிரித்து, இயந்திரத்தில் கிழித்து மீண்டும் பஞ்சாக்கி, பாலியஸ்டர் இழையுடன் கலந்து, குட்டை இழைகளையும் நூலாக்கவல்ல ஓ.இ. (ஓப்பன் எண்ட்) நூற்பாலைகளில் நூலாக்குகிறார்கள். துண்டுகள் ஏற்கெனவே சாயம் ஏறியவை என்பதால் நூலை மறுபடி சாயப்பட்டறைக்கு அனுப்ப வேண்டியதில்லை. நொய்யல் மாசுபாட்டு வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு, இது எத்தனை பெரிய ஆதாயம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆனால் இதே காரணத்தால், நிறங்களை எண்ணிட்டுக் காட்டும் பான்டோன் அட்டையில் நீங்கள் விரல் வைத்துக் காட்டும் நிறம் அப்படியே கிடைக்காது. கருப்பு, சாம்பல், கருநீலம், பல நிற இழைகள் கலந்து தெரியும் மெலாஞ்ச் ஆகியவை எளிதில் கிடைக்கும். தூய வெள்ளையை எதிர்பார்க்க வேண்டாம். ஆலையிடம் இருக்கும் ஷேட் அட்டையை, அதாவது நிற மாதிரி அட்டையைப் பார்த்து அதிலிருந்தே நிறத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒரு ஜோடிக்கு இந்த நூல் சுமார் 50 கிராம் என்றால் 1,000 ஜோடிக்கு 50 கிலோ நூல் வேண்டும். சேதாரத்துக்கு ஐந்து கிலோ சேர்த்து, முழுவதையும் ஒரே லாட்டில், அதாவது ஒரே தடவையில் தயாரான தொகுதியில் வாங்கிவிடுங்கள்.

இரண்டாம் படி, பின்னுபவர். டீ-ஷர்ட் தைக்கும் நிறுவனத்தால் காலுறை செய்துதர முடியாது. அங்கே அகலமான வட்டப் பின்னல் துணியை வெட்டித் தைக்கிறார்கள். காலுறையோ, கால் பருமனே உள்ள சிறிய சிலிண்டரில் ஒவ்வொன்றாகக் குழாய் போலப் பின்னப்பட்டு வெளியே வருகிறது. ஆகவே ஆர்டர் பேசும் முன், "உங்களிடம் எத்தனை ஊசி மெஷின் இருக்கிறது?" என்று கேளுங்கள். 144, 168, 200 என்று பதில் வரும். எண் கூடக் கூடப் பின்னல் மெல்லியதாகும். மறுசுழற்சிப் பருத்தியின் இழை குட்டையானது; நூல் சற்றுப் பருமனாகவும் பிசிறோடும் இருக்கும். நான் ஆசைப்பட்டு 200 ஊசி கேட்டபோது அங்கிருந்த மாஸ்டர், "இந்த நூலுக்கு அது வேண்டாங்க, தூசி அடைச்சே மெஷின் நின்னுக்கும்" என்றார். அவர் சொன்னபடி 144 ஊசியிலேயே பின்னினோம். இன்றும் அதையே பரிந்துரைப்பேன்.

மூன்றாம் படியில்தான் நான் வழுக்கினேன். ஆலைக்காரர் நூலை "60 சதவீதம் மறுசுழற்சிப் பருத்தி, 40 சதவீதம் பாலியஸ்டர்" என்று விற்றார். 60 என்பது 50-ஐவிட அதிகம்தானே என்ற நினைப்பில், ஜி.ஆர்.எஸ். என்னும் மறுசுழற்சித் தரச்சான்றின் முத்திரையோடு அட்டைகளை அச்சடிக்கக் கொடுத்துவிட்டேன். டெக்ஸ்டைல் எக்ஸ்சேஞ்ச் அமைப்பின் இந்தத் தரச்சான்றில் பொருளைச் சேர்க்க 20 சதவீத மறுசுழற்சி இழை போதும். வாடிக்கையாளர் பார்க்கும் லேபிளில் முத்திரை இடவோ குறைந்தது 50 சதவீதம் வேண்டும். அந்தச் சதவீதம் நூலுக்கானது அன்று, முழுக் காலுறையின் எடைக்கானது என்பதை நான் யோசிக்கவில்லை. குதிகாலுக்கும் விரல்முனைக்கும் உறுதி தரும் நைலான், இழுவை தரும் எலாஸ்டேன் ஆகியவற்றையும் சேர்த்து நிறுத்தால், எங்கள் காலுறையில் முதன்மை நூலின் பங்கு 78 சதவீதம் மட்டுமே. அந்த 78-இல் 60 சதவீதம் என்பது 46.8. முத்திரைக்கு மூன்று புள்ளி இரண்டு குறைவு. அட்டைகள் குப்பைக்குப் போயின.

இதற்கு எளிய தீர்வு, நூலில் கலக்கும் பாலியஸ்டரையும் பெட் பாட்டிலிலிருந்து எடுத்த மறுசுழற்சி இழையாக மாற்றச் சொல்வது. அப்போது 78 முழுவதும் கணக்கில் வந்துவிடும். நைலானைக் குறைத்துச் சதவீதத்தை ஏற்றலாம் என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள், குதிகால் விரைவிலேயே ஓட்டையாகிவிடும். மீன்வலைக் கழிவிலிருந்து எடுக்கும் மறுசுழற்சி நைலானும் உண்டு, ஆனால் சிறிய ஆர்டருக்கு விலை கட்டுப்படியாகவில்லை.

சான்றிதழ் விஷயத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. நூற்பாலை இந்தத் தரத்தில் தயாரிக்கத் தகுதி பெற்றது என்று காட்டும் ஸ்கோப் சான்றிதழின் நகலை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டால் போதாது. பின்னும் நிறுவனமும் சான்று பெற்றிருக்க வேண்டும், நீங்கள் வாங்கும் சரக்குக்கென எடை குறிப்பிட்ட டிரான்சாக்ஷன் சான்றிதழும் வர வேண்டும். அதை வட்டாரத்தில் டி.சி. என்பார்கள். "டி.சி. தருவோம்" என்பதைப் பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள், சரக்கு வந்தபின் கேட்டால் இழுத்தடிப்பார்கள். முத்திரையுள்ள லேபிள் வடிவத்தையும் அச்சடிக்கும் முன் சான்றளிக்கும் நிறுவனத்திடம் காட்டி ஒப்புதல் பெற வேண்டும். "சுற்றுச்சூழலுக்கு உகந்தது" என்று பொதுவாகப் போட்டு ஒப்பேற்றுவதும் இனி ஆபத்துதான். ஆதாரமற்ற பசுமை விளம்பரங்களுக்கு எதிராக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வழிகாட்டுதல்களை வெளியிட்டிருக்கிறது.

நான்காம் படி, லோகோ. ஓர் ஊசிக்கு ஒரு தையல், வரைபடத்தில் ஒரு கட்டம்; 144 ஊசி என்றால் காலைச் சுற்றி 144 கட்டங்கள். முன்பக்கம் தெரிவது 72 மட்டுமே. அதற்குள் அடங்காத மெல்லிய எழுத்துகளை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு தையலும் உயரத்தைவிட அகலம் கூடியது, அணியும்போது பக்கவாட்டில் மேலும் விரியும். ஆகவே சதுரக் கட்டத்தில் வரைந்த வட்டம், காலில் ஏறியதும் படுத்த முட்டை போலத் தெரியும். வரையும்போதே உயரத்தைக் கூட்டிக் கொடுங்கள். லோகோவைக் கணுக்காலுக்கு மேலேயே வையுங்கள், ஏனெனில் அதன் உட்புறத்தில் தொங்கும் நூல்கள் பாதப் பகுதியில் விரல்களில் மாட்டும்.

ஐந்தாம் படி, சாம்பிள். நீராவியில் உலோகப் பாதத்தில் மாட்டிப் போர்டிங் செய்த காலுறை எப்போதும் அழகாகவே இருக்கும்; அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஐந்து முறை துவைத்து, நீளத்தை அளந்து, குதிகாலில் உருண்டை உருண்டையாகப் பிசிறு திரள்கிறதா என்று பாருங்கள். விரல்முனை மூடும் தையலைக் கையால் தடவும்போது தடிப்பாக உறுத்தினால், கூடுதல் கூலி கொடுத்தாவது, கண்ணியோடு கண்ணி கோத்துத் தடிப்பின்றி மூடும் லிங்கிங் கேளுங்கள்.

பின்சேர்க்கை: 46.8 சதவீதத்திலேயே நிற்கும் காலுறையை என்ன செய்வது என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். ஆர்.சி.எஸ். என்னும் இன்னொரு மறுசுழற்சிச் சான்றுக்குக் குறைந்தபட்சம் 5 சதவீதமே போதும். நூற்பாலையும் பின்னுபவரும் அந்தச் சான்றைப் பெற்றிருந்தால், உண்மையான சதவீதத்தை அச்சிட்டு அதன் கலப்பு லேபிளை இடலாம். இன்னொரு வாசகருக்குச் சாம்பிள் ஒரு லாட்டிலும் மொத்தச் சரக்கு வேறு லாட்டிலும் பின்னப்பட்டு, சாம்பல் நிறம் பழுப்பேறி வந்திருக்கிறது. ஒப்புதல் அளித்த ஜோடியில் இரு தரப்பும் கையெழுத்திட்ட சீட்டைக் கட்டி, அதே லாட்டின் நூல் சுற்றிய கோன் ஒன்றையும் கேட்டு வாங்கி, சரக்கு வந்து இறங்கும்வரை பத்திரமாக வைத்திருங்கள்.